அம்மாவின் முழங்கால் சொன்னது

மருந்து கொடுத்தது அப்பாவுக்கு. செத்தது அம்மா. இதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் கடைசியில் இந்த இரண்டு வரிதான் மிஞ்சுகிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். அவர் ஓய்வு பெற்றதும் கிள்ளானுக்கு வந்து ஒரு சின்ன வரிசை வீட்டில் குடியேறினோம். நான் ஒரே பிள்ளை. இடைநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலால் மறுபடி யாரும் கேட்பதில்லை.

கொமுட்டர் என்ற மின்சார ரயில் ஓடத் தொடங்கிய புதிது. அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ரயிலில் ஏறினாலும் அடுத்த ஸ்டேஷன் வருவதற்கு முன்னால் அதன் பெயரை மெதுவாகச் சொல்லிக்கொள்வார். ஒரு நாள் மூன்று பேரும் கோலாலம்பூரிலிருந்து திரும்பும்போது, சுபாங் தாண்டியதும் "ஷா ஆலம்" என்றார்.

"நடுவுல பத்து தீகா இருக்குப்பா" என்றேன்.

"அந்த ஸ்டேஷனை மூடி எத்தனையோ வருஷமாச்சு. உனக்கு என்ன தெரியும்?"

ரயில் பத்து தீகாவில் நின்றது. கதவு திறந்தது. அப்பா பெயர்ப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அம்மா பையிலிருந்து தண்ணீர் போத்தலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அப்போதே அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் இன்னும் ஆறு மாதம் ஆயிற்று.

கோலாலம்பூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் பார்த்தார்கள். மறதி நோயின் ஆரம்பம் என்றார்கள். இதற்கு மருந்து இல்லை, ஆனால் ஒரு சோதனை நடக்கிறது, சேர்கிறீர்களா என்று சீன டாக்டர் கேட்டார். மூட்டு வலிக்காக வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் குறைவாக வருகிறதோ என்று டாக்டர்கள் சந்தேகப்பட்ட காலம் அது. மூட்டில் வீக்கம் வருவதுபோல மூளையிலும் ஏதோ வீக்கம் வருகிறது, வீக்கத்தை அடக்கும் மருந்து கொடுத்தால் நோய் மெதுவாகலாம் என்றார். உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள்தான் அதை உறுதியாகக் கேட்டுக்கொண்டோம்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை போக வேண்டும். அங்கே ஒரு தமிழ் நர்ஸ் இருந்தார், எங்கள் ஊர் வழக்கில் மிஸ்ஸி. சுங்கை பூலோவிலிருந்து பஸ் ஏறி வருகிறவர். நல்ல மனுஷி. அவர் அப்பாவிடம் இன்று என்ன கிழமை, என்ன மாதம் என்று கேட்பார். மூன்று சொல் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். பிறகு போத்தலைக் கவிழ்த்து மிச்சமிருக்கும் கேப்சூல்களை எண்ணுவார். கடைசியாக எங்களிடம் ஒரு கேள்விப் பட்டியல் வாசிப்பார். வயிற்று வலி உண்டா, வாந்தி உண்டா, மலம் கறுப்பாகப் போகிறதா. ஒவ்வொன்றுக்கும் நான் "இல்லை" என்பேன். அவர் குறித்துக்கொள்வார். நான் கையெழுத்துப் போடுவேன்.

அம்மாவுக்கு அது பரீட்சையாகத்தான் பட்டது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் அவள். என் பரீட்சைகளுக்கெல்லாம் விடியற்காலையில் எழுந்து மைலோ கலக்கிக் கொடுத்தவள், இப்போது அப்பாவைத் தயார் செய்யத் தொடங்கினாள். இரண்டாவது முறை போகும்போது ரயிலில் நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு அப்பாவின் காதில் ஓதிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு செவ்வாக்கெழமை. சொல்லுங்க."

"செவ்வாய்."

"வாழைப்பழம், நாற்காலி, சாவி. சொல்லுங்க."

"அது போன தடவ கேட்டதுமா!" என்று கண்ணைத் திறந்து கத்தினேன். "இந்தத் தடவ வேற கேப்பாங்க. சொல்லிக் கொடுத்தா அப்பறம் சோதனை எதுக்கு? நான் பிட்டு அடிக்கிற பிள்ளைங்களப் பிடிச்சு வெளியில நிறுத்துறவ. என் அம்மாவே இப்படி!"

எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். அம்மா வாயை மூடிக்கொண்டாள். அன்று மிஸ்ஸி வேறு மூன்று சொற்களைச் சொன்னார். திருப்பிச் சொல்லும் நேரம் வந்தபோது அப்பா கம்பீரமாக, "வாழைப்பழம், நாற்காலி, சாவி" என்றார். மிஸ்ஸி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். சிரிக்க நிறைய நாள் மிச்சமில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

வீடு திரும்பியதும் அம்மா சமையலறையில் கேட்டாள். "பாதிப் பேருக்கு டம்மி மருந்துன்னு டாக்டர் சொன்னாரே, அது என்னா?"

இங்கேதான் நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு ஒன்றுமில்லாத மாவு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, மிஸ்ஸிக்கும் தெரியாது. அப்போதுதான் யாரும் மனசுக்குள் ஒரு பக்கம் சாய மாட்டார்கள். வகுப்பில் நடத்துவதுபோல நடத்தினேன். ஒன்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும், நிறுத்திப் பார்க்க வேண்டும், மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும், அதுதான் அறிவியல் என்றும் சொன்னேன். அதோடு விட்டேனா? இந்த மருந்து உன் முழங்கால் வலிக்கு டாக்டர்கள் கொடுக்கும் மாத்திரைக்கு அண்ணன் தம்பி மாதிரி என்றும் சொன்னேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ அவருக்கு மாவ குடுத்துட்டு, நல்லாயிடும் நல்லாயிடும்னு நாம ஒக்காந்திருக்கணுமா?"

"அப்படியும் இருக்கலாம்."

"யாருக்கிட்டயும் கேக்க முடியாதா?"

"யாருக்கும் தெரியாதுன்னா எப்படிமா கேக்கிறது? ஒரு தடவ சொன்னா புரியாதா?"

அவளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. என் மாணவர்கள் யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் புரிந்ததில்லை.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. மாடிப்படி என்றால் முகம் சுருங்கிவிடும். கிள்ளான் ஸ்டேஷனில் மேம்பாலம் ஏறும்போது ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டு படிக்கு ஒரு முருகனைக் கூப்பிடுவாள். அந்த முழங்கால்தான் அவளுடைய சோதனைக் கூடமாயிற்று. அப்பாவின் பங்கில் அவள் கை வைக்கவில்லை. நாங்கள் அடுத்த முறை வரப் பிந்தினால் ஆகட்டும் என்று போத்தலில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து எடுத்தாள். மாவு என்றால் வலி இருக்கும். மருந்து என்றால் வலி போகும். ஒரு வாரம் சாப்பிட்டாள். வலி போயிற்று. நிறுத்தினாள். வலி வந்தது.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் மூன்றாவது முறை போனபோது மிஸ்ஸி போத்தலை எண்ணிவிட்டு நிமிர்ந்து பார்த்ததுதான்.

"ஏழு கொறையுதே டீச்சர்?"

ஒழுங்காக மருந்து சாப்பிடாதவர்களைச் சோதனையிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அப்பாவே தெரியாமல் இரண்டு மூன்று சேர்த்து விழுங்கிவிட்டாரோ, ஜன்னல் வழியே எறிந்துவிட்டாரோ என்று நினைத்தேன். அதைச் சொன்னால் நீக்கிவிடுவார்கள். நீக்கினால் வேறு வழி கிடையாது. அந்தப் போத்தல் ஒன்றுதான் எங்களிடம் இருந்த நம்பிக்கை.

"சிங்க்ல கொட்டிருச்சு மிஸ்ஸி. என் கைதான் தவறிடுச்சு."

பிட்டு அடிக்கிற பிள்ளைகளை வெளியே நிறுத்துகிறவள் சொன்னது இது. மிஸ்ஸி எழுதிக்கொண்டார். அம்மா என்னைப் பார்க்காமல் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ரயிலில் கேட்டேன். "அந்த ஏழு எங்கமா போச்சு?"

"நீதான் சிங்க்ல கொட்டிருச்சுன்னு சொன்னியே."

"அது நான் சமாளிச்சது. நெசமா எங்க போச்சு?"

"விடு லா. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. ஒங்கப்பாவுக்குக் கெடச்சது நெசமான மருந்துதான்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"டாக்டருக்கே தெரியாது, ஒனக்குத் தெரியுமா? சாமி வந்து சொல்லுச்சா?" என்று எரிந்து விழுந்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா நடுவில் உட்கார்ந்து எந்த ஸ்டேஷன் பெயரையும் சொல்லாமல் வந்தார். அந்த ஏழைப் பற்றி நான் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் என் பொய்யையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கும்.

கந்த சஷ்டி வந்தது. ஆறு நாள் விரதம். அம்மா வருஷா வருஷம் இருப்பவள்தான். அந்த வருஷம் அப்பாவுக்காக என்று வேண்டிக்கொண்டு கடுமையாக இருந்தாள். காலையில் ஒரு தம்ளர் பால், பொழுது சாய ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். தினமும் கோயிலில் இருபத்தொரு சுற்று. முழங்கால் வலிக்காரி எப்படி இருபத்தொரு முறை சுற்றுகிறாள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். விரதத்தின் முதல் நாள் கோயிலுக்குப் போகும்போது மேம்பாலத்தில் என் கையைப் பிடிக்காமல் ஏறினாள். "பரவாயில்லையே, விரதம் ஒனக்கு ஒத்துக்குது" என்று கேலி செய்தேன். அவள் முகத்தில் ஒரு திருட்டுச் சந்தோஷம் இருந்தது.

அந்தச் சுற்றுகளுக்காக அப்பாவின் புதுப் போத்தலிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சோறு சாப்பிட்ட பிறகு சாப்பிட வேண்டும் என்று போத்தலில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அப்பாவுக்கு நான் அப்படித்தான் கொடுத்தேன். அம்மாவால் அதைப் படிக்க முடியாது. படித்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். விரதத்தில் சோறுதான் ஆகாது, மருந்து சாப்பாட்டில் சேர்த்தி இல்லை என்பது எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. எத்தனையோ பேர் அப்படி விழுங்கி ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கிறார்கள்.

ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு அரசாங்கத் தேர்வு நெருங்கியிருந்தது. பயிற்சித் தாள்களைக் கட்டுக் கட்டாகத் திருத்திக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் சாயங்காலம் அம்மா என் மேசைப் பக்கம் வந்து நின்றாள்.

"வயித்துலேர்ந்து என்னமோ கறுப்பா போவுது. தார் மாதிரி."

நான் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"வெறும் வயித்துல கெடந்தா அப்படித்தான். இளநி குடிமா."

மலம் கறுப்பாகப் போகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை என் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்கு மனப்பாடம். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் அப்படிப் போகும், அதற்காகத்தான் கேட்கிறார்கள் என்பதும் தெரியும், நான் அறிவியல் ஆசிரியை. ஆனால் அது அப்பாவைப் பற்றிய கேள்வி. அம்மாவின் வாயிலிருந்து அதே வார்த்தை வந்தபோது என் மண்டையில் உறைக்கவில்லை. அவளைப் பற்றி எங்களிடம் யாரும் எதுவும் கேட்டதே இல்லை. நான் உட்பட.

ஆறாம் நாள் காலை. அன்று மாலை கோயிலில் சூரசம்ஹாரம். அம்மா குளியலறையில் விழுந்த சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். தரையெல்லாம் ரத்த வாந்தி. காப்பித் தூளைக் கரைத்து ஊற்றியதுபோல இருந்தது. அப்பா வாசலில் நின்று, "யாராச்சும் மிஸ்ஸியக் கூப்பிடுங்க, மிஸ்ஸியக் கூப்பிடுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் கேட்டார், வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா என்று. "தலைவலிக்குக்கூடச் சாப்பிட மாட்டாங்க. விரதம்" என்றேன். அடித்துச் சொன்னேன். ரத்தம் ஏற்றினார்கள். அம்மா ஒரு தடவை கண் திறந்து, "அவருக்கு மத்தியான மருந்து குடுத்தியா?" என்றாள். குடுத்துட்டேன் என்றேன். குடுக்கவில்லை. மறுநாள் மத்தியானம் இறந்துபோனாள். அறுபத்திரண்டு வயது.

மகன் இல்லாததால் அப்பாதான் கொள்ளி வைத்தார். பக்கத்தில் நின்றவர்கள் கையைப் பிடித்து வைக்கச் செய்தார்கள். எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது, "யாரு தவறிட்டாங்க? நம்ம சொந்தமா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம்பா, சொந்தம்தான் என்றேன்.

கருமாதி முடிந்து சாமி மேடையைத் துடைத்தேன். முருகன் படத்துக்குப் பின்னால் பழைய குங்கும டப்பா இருந்தது. உள்ளே மூன்று கேப்சூல்கள். எனக்கு உடனே புரியவில்லை. அந்த ஏழு குறைந்தது எப்போது என்று பார்க்கச் சமையலறைக்குப் போய்ச் சுவரில் தொங்கிய தமிழ் நாட்காட்டியைப் புரட்டினேன். பென்சிலில், கோணல் மாணலான எழுத்தில், தேதிக் கட்டங்களுக்குள் எழுதியிருந்தாள். வலி. வலி. வலி. பிறகு ஒரு புள்ளி வைத்து, வலி கொஞ்சம். புள்ளி, வலி இல்லை. ஏழு நாள் புள்ளி. பிறகு புள்ளி இல்லாமல் மறுபடி வலி. விரத நாட்களில் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு புள்ளி. கொடுத்துப் பார், நிறுத்திப் பார், மறுபடி கொடுத்துப் பார், எழுதி வை. நான் சொன்னதில் ஒன்றைக்கூட விடவில்லை. நாட்காட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். சாப்பிடணும் என்று அப்பா வந்து சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு அப்பாவும் நானும் மட்டும் போனோம். மிஸ்ஸிக்குச் செய்தி சொன்னேன். கண் கலங்கி என் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அவர் வேலையைச் செய்தார். எண்ணினார். குறைந்தது.

"எழவு வீடு மிஸ்ஸி. யாரு யாரோ வந்து போனாங்க. எங்கயோ கொட்டிருச்சு."

"பரவால்ல டீச்சர்" என்று எழுதிக்கொண்டார். பிறகு பட்டியல். வயிற்று வலி? இல்லை. வாந்தி? இல்லை. மலம் கறுப்பாக?

அப்பாவைப் பார்த்தேன். அவர் மேசை மேலிருந்த ஸ்டேப்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் இல்லை. அவர் வயிறு கல்லையும் செரிக்கும்.

"இல்லை" என்றேன். கையெழுத்துப் போட்டேன். அந்தக் காகிதத்தின்படி எங்கள் வீட்டில் அந்த மருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. அதில் அம்மாவுக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. நானாக வாயைத் திறந்து சொல்லியிருந்தால் எங்காவது ஓரத்தில் எழுதியிருப்பார்கள். இன்னொரு வீட்டில் இன்னொருத்தியைக் கேட்டிருப்பார்கள், நீங்கள் இதைச் சாப்பிடவில்லையே என்று. அப்பாவை நீக்கிவிடுவார்கள் என்பதால் சொல்லவில்லை என்றுதான் ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி உண்மை அது. மீதிப் பாதி வெட்கம். ஏழு எங்கே போயிற்று என்று ஒரு நாள் சாயங்காலம் ஒழுங்காக உட்கார்ந்து கேட்டிருந்தால் அம்மா சொல்லியிருப்பாள். அவளுக்கு என்னிடம் எதையும் ரொம்ப நாள் மறைக்கத் தெரியாது.

வேலை நேரத்தில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு அக்காவை வைத்தேன். சோதனை முடியும்வரை அதே மருந்தை, வேளை தவறாமல், சோறு போட்ட பிறகு நானே கொடுத்தேன். அவர் வாயைத் திறப்பார். நான் வைப்பேன். ஒவ்வொரு தடவையும் அம்மாவைக் கொன்றதை அப்பா வாயில் வைக்கிறோம் என்று தோன்றும். தண்ணீரையும் கொடுப்பேன். அப்பாவுக்கு எதுவும் மெதுவாகவில்லை. முதலில் ஸ்டேஷன்கள் போயின, பிறகு கிழமைகள், பிறகு என் பெயர். கடைசி முறை போனபோது மூன்று சொற்களுக்கு அவர் பதிலே சொல்லவில்லை. வாழைப்பழம், நாற்காலி, சாவி என்றாவது சொல்ல மாட்டாரா என்று காத்துக்கொண்டிருந்தேன்.

சோதனை முடிந்து சில மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். எதிர்பார்த்த பலன் தெரியவில்லை என்று டாக்டர் நேர்மையாகச் சொன்னார். நன்றி சொல்லிக் கை குலுக்கினார். வெளியே வரும்போது மிஸ்ஸி ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"டீச்சர், இப்ப சொல்லலாம்னு சொல்லிட்டாங்க. யாருக்கு எது போச்சுன்னு பிரிச்சுப் பாத்துட்டாங்க. ஒங்க அப்பாவுக்கு டம்மி இல்ல. நெசமான மருந்துதான் கெடச்சிருக்கு."

"தெரியும்" என்றேன்.

மிஸ்ஸி நின்றுவிட்டார். "எப்படித் தெரியும்? எங்களுக்கே நேத்துதானே தெரியும்?"

"அம்மா சொன்னாங்க."

அம்மா நினைப்பில் ஏதோ சொல்கிறேன் என்று மிஸ்ஸி நினைத்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்து இரண்டு தடவை தட்டிக்கொடுத்தார். நான் தட்டிக்கொடுக்க விட்டேன். பிறகு அப்பாவைக் கைப்பிடித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன்.